தராத மருந்து

ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயடியில் வாளி நிரப்பினேன். கோப்பி போட்டேன். முகம் மழித்தேன். முதல் நாள் துவைத்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்தேன். ஆறரைக்குச் சைக்கிளை வாசலுக்குத் தள்ளினேன். என் மனைவி சாரதா இறந்து நாற்பது நாள். அத்தனை நாளும் இப்படித்தான்.

அன்று வாசலில் மூன்று பேர் நின்றார்கள். கோயில் கமிட்டிக் கலியாணசுந்தரம், நகராட்சியில் வேலை பார்க்கும் மருதமுத்து, பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அக்கா. கலியாணசுந்தரத்தின் கையில் ஒரு தாள்.

"மாஸ்டர், காஜா பேராங் தெருவுல நம்மாளுங்க நாப்பத்தோரு பேர் கையெழுத்து போட்டாச்சு. மேல உங்களுக்கு எடம் விட்டிருக்கோம். இங்கிலீஷ் சரியா இருக்கான்னும் பாத்துடுங்க லா."

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் மனு எழுதுகிறார்கள். இது சுகாதார இலாகாவுக்கு. மருந்துக் கடை பொன்னுதுரை தவறான மருந்து கொடுத்து ஆசிரியர் நடராஜனின் மனைவியைக் கொன்றுவிட்டார், கடையை மூட வேண்டும் என்றது தாள். பழக்கத்தில் பேனாவை எடுத்து ஒரு காற்புள்ளி போட்டேன். பிறகுதான் அது என் பெயர் என்று உறைத்தது.

பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரியில் இருபது வருடம் மருந்து கலக்கியவர். ஓய்வு பெற்றதும் முச்சந்தியில் கடை வைத்தார். இந்தத் தெரு முழுவதும் அவரிடம்தான் நாக்கை நீட்டும். ஆஸ்பத்திரி என்றால் வயிற்றை அறுப்பார்கள், போனவர் திரும்புவதில்லை என்று பயம். இப்போது அவர் கடைக்கும் யாரும் போவதில்லை. நேற்று நான் கடந்தபோது போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்கோ தம்பி" என்றார். நான் சைக்கிளை நிறுத்தவில்லை.

"போடுங்க சார்," என்றான் மருதமுத்து. "பேதி மருந்துல என்னத்தையோ கலந்துட்டான்."

"அவர் மருந்தே தரல."

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"வயிறு வலிக்குது, பேதியானா சரியாயிடும்னுதான் சாரதா மருந்து கேட்டா. வலி எங்கன்னு கேட்டிருக்கார். வலப்பக்கம், கீழேன்னு காட்டியிருக்கா. பேதி மருந்து தர மாட்டேன், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு திருப்பி அனுப்பிட்டார்."

"அதான் தப்பு!" என்றாள் பூங்காவனம் அக்கா. "கேட்ட மருந்தக் குடுக்காம ஆஸ்பத்திரிக்குப் போன்னா, கடை எதுக்கு? போர்டு எதுக்கு?"

"எனக்கு மட்டும் இருமலுக்கு ரெண்டு போத்தல் குடுத்தான்," என்றான் மருதமுத்து.

"நீ அத இருமலுக்கா குடிச்ச? பேசாம இரு," என்று அக்கா அதட்டினாள்.

நான் மீதியையும் சொன்னேன்.

"வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னா. கடைக்காரனுக்கு நோயப் பத்தி என்ன தெரியும்னேன். நான் சிங்கப்பூர்ல காலேஜ் படிச்சவன். விளக்கெண்ணெய் ரெண்டு கரண்டி நான்தான் குடுத்தேன். காலையில டாக்டர்கிட்ட போலாம்னு படுத்துட்டேன். விடியறதுக்குள்ள குடல்வால் வெடிச்சிருந்துச்சு. விளக்கெண்ணெய் குடுத்திருக்கவே கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

ரொட்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். கலியாணசுந்தரம் குரலைத் தாழ்த்தினார்.

"இத வெளிய சொல்லணுமா, மாஸ்டர்? நீங்க பள்ளிக்கூடத்துல வேலை பாக்குறவரு. பொன்னுதுரை எங்கயாவது போயி கடை வச்சுப் பொழைச்சுக்குவாரு."

தாளைச் சைக்கிள் இருக்கையில் வைத்தேன். எனக்கு விட்டிருந்த இடத்தில், பொன்னுதுரை மருந்து எதுவும் தரவில்லை, எண்ணெய் கொடுத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கலியாணசுந்தரம் அதை இரண்டு முறை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இத எப்படி அனுப்புறது?" என்றார்.

பூங்காவனம் அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. "கடைசியா சாரதா முருகான்னு மட்டும்தான் சொல்லிச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க, தம்பி. உங்கள ஒரு வார்த்தை குறை சொல்லலியே அது."

"முருகான்னு அவ சொல்லல, அக்கா. கேட்டவங்களுக்கு நான் சொன்னது."

எண்ணெய் கொடுத்த மறுநாள் விடியும்போது சாரதாவின் உடம்பு கொதித்தது. டாக்டர் எட்டு மணிக்குத்தான் வருவார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். டாக்சி வருவதற்குள் நினைவு தப்பிவிட்டது. அதற்கு முன் சொன்னது இவ்வளவுதான்:

"கடைக்காரர் சொன்னதா இருக்க வேணாங்க. நீங்களே சொன்னதா இருக்கட்டும். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."