விளக்கேற்றிப் பார்த்தவள்

குடும்ப நல ஆலோசகரின் அறையில் சுவர், திரைச்சீலை, மேசை எல்லாமே வெள்ளை. நிறம் என்று இருந்தது அவர் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்த படம் மட்டும்தான். பழைய பிரெஞ்சு ஓவியம் ஒன்றின் நகல்.

"பாத்தீங்களாம்மா?" என்று பென்சிலால் காட்டினார். "காதல் தேவன் ஒரு ராஜகுமாரியைக் கட்டிக்கிறான். ராத்திரியில மட்டும்தான் வருவான். முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னு ஒரே நிபந்தனை. இவ விளக்கை ஏத்திப் பார்த்துட்டா. சுடுஎண்ணெய் சொட்டி அவன் தோள் வெந்துடுச்சு, விட்டுட்டுப் போயிட்டான். அந்த மஞ்சள் வெளிச்சம்தான் சந்தேகம். வெள்ளை இறக்கை, அவனோட களங்கமில்லாத மனசு. சிவப்புத் திரை, எரியப்போற குடும்பம்."

பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் தோள் வெந்தவனாட்டம் முகத்தை வைத்துக்கொண்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் செய்த குற்றம், அவன் போனைத் திறந்து பார்த்தது. பார்த்த அன்றே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். போனில் என்ன இருந்தது என்பது அவளுக்கும் கணவனுக்கும் மட்டும்தான் தெரியும். இன்று அவள் மன்னிப்புக் கேட்டு, அவனோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்காகவே அண்ணன் லீவு போட்டுக் கூட்டி வந்திருந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லிடும்மா," என்றான் அண்ணன். "சொன்னா முத்தா உதிர்ந்துடப் போகுது?"

அவள் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சார், பக்கத்துல படுக்கிறது யாருன்னு தெரிய வேணாமா? அதுக்குத்தான் விளக்கு. அந்த மஞ்சள் வெளிச்சத்துல பாதி அவ மூஞ்சியில விழுதே, பாருங்க. உதட்டுல பொட்டு ரத்தமில்ல, அவ்வளவு பயம். அவன் இறக்கை தூங்கறப்பவும் விரிஞ்சே கிடக்கு, எப்ப வேணா பறந்துடலாம்னு. இவனுக்கு எங்க சார் களங்கமில்லாத மனசு?"

"அது வெறும் படம்மா," என்றார் ஆலோசகர். அதுவரை வேதம் மாதிரி ஓதியவருக்கு இப்போது வெறும் படமாகிவிட்டது.

"இப்படித்தான் சார்," என்றான் கணவன். "எதையாவது பாத்துட்டு எதையாவது கற்பனை பண்ணிக்குவா."

கற்பனையாமே! அண்ணன் எதிரில் சொல்லக் கூசித்தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூச்சம் அத்தோடு போயிற்று.

"ராஜகுமாரி பார்த்தது தூங்குற புருஷனை," என்றாள். "இவன் போன்ல நான் பார்த்தது தூங்குற என்னை. துணி விலகிக் கிடக்கிற என்னை. போட்டோ எடுத்துக் கூட்டாளிங்க குரூப்புல போட்டிருக்கான். ஒவ்வொருத்தனும் அதுக்கு மார்க் போட்டிருக்கான்."

"சும்மா ஒரு ஜாலிக்கு..." என்று ஆரம்பித்த கணவன் பாதியில் விழுங்கிக்கொண்டான்.

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் அழிச்சுடச் சொல்றேன்மா. இருந்தாலும், கேக்காம போனை எடுத்தது..."

"வாயை மூடுங்க சார்!" என்று அண்ணன் எழுந்துவிட்டான். அவள் பக்கம் திரும்பினான். "ஏன்மா, என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"எங்க சொல்ல விட்டே? வந்ததும் வராததுமா, போனை ஏன் எடுத்தேன்னுதானே என் மேல பாஞ்சே."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். நீ வர்றியா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?"