சொன்னது சொன்னபடி

ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவின் முன் போய் உட்கார்ந்தபோது ஆய்வு மாணவிக்குப் பயமே இல்லை. மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு நர்சுகள் வெளியே சொல்லாமல் மறைக்கும் தவறுகளைப் பற்றியது அவள் ஆய்வு. பேசியவர் யாரென்று ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது என்று திட்டத்தில் உறுதி கொடுத்திருந்தாள். பெயர், வார்டு, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் துடைத்தெடுத்திருந்தாள்.

திட்டத்தோடு மாதிரிக்கு ஒரு பேட்டியும் வைக்க வேண்டுமென்று வழிகாட்டி கேட்டபோது, வெளியே அலைவானேன் என்று சொந்த அக்காவையே பிடித்து உட்கார வைத்தாள். அக்கா நர்ஸ். ஒரு பெரியவருக்கு அடுத்த கட்டில்காரரின் ஊசியைப் போட்டதையும், அவர் எப்படியோ பிழைத்ததையும், தான் வாய் திறக்காததையும் அழுதுகொண்டே சொன்னாள். புருஷன் இல்லாத வீட்டில் இரண்டு பிள்ளைகளும் அவள் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

"வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்டி, எழுதி வச்சுக்கோ."

"யாருக்கும் தெரியாதுக்கா. என்னை நம்பு" என்றாள் தங்கை.

குழுவில் வெளியாளாக ஒரு தலைமை நர்ஸ் இருந்தார். பேட்டியைப் படித்துக்கொண்டே லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி படித்தார்.

"ரெண்டு வரிக்கு ஒருதரம் 'எழுதி வச்சுக்கோ'ன்னு வருதே. நீ சேர்த்ததாம்மா?"

இருமலைக்கூட விடாமல், சொன்னது சொன்னபடி எழுத வேண்டும் என்பது மாணவியின் துறையில் வேதவாக்கு. பெரிய புத்திசாலி! பெயரை அழித்துவிட்டு ஆளை அப்படியே விட்டு வைத்திருந்தாள்.

இல்லை என்று முனகினாள். திட்டமே வேண்டாம், தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள்.

"தாளைக் கொடுத்துடலாம். படிச்சதை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது? எங்க வார்டுல அவளுக்குப் பட்டப்பேரே அதுதான். அந்தப் பெரியவருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

குழுத் தலைவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் காதில் ஏறவில்லை. அக்காவை நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டோமே என்று பதறினாள். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு போவதற்குள் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். தாழ்வாரத்துக்கு ஓடிவந்து போன் போட்டாள்.

முதல் மணியிலேயே அக்கா எடுத்தாள்.

"என்னடி, பாஸ் பண்ணிட்டாங்களா? உனக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுப்பாங்க, எழுதி வச்சுக்கோ."