உதடு மூடும் இடம்

...முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான், வேறென்ன, ஏழு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்ததை யாரோ ஒரு மேடத்துக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற முடியுமா, 'முடியாது மேடம்', ம்ஹூம், மொட்டையாக இருக்கிறது, 'அது ஒக்காது மேடம், இந்தப் பேச்சாக்கும் படம்', ஆங், இது சரி, இதையே சொல்லலாம் என்று ரெஜிலா வெள்ளறடை பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உதட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தாள். பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து கூப்பிடுவார்கள், ஆமாவா இல்லையா என்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். குழந்தைகள் சேனல். பதினாலு நிமிஷக் கார்ட்டூன் படம், ஒற்றை ஆளாக வரைந்தது, அதை எடுத்துக்கொள்கிறார்களாம், பேச்சை மட்டும் 'எல்லாருக்கும் புரியுற தமிழ்ல' வேறு யாரையாவது வைத்துப் பேசி ஒட்ட வேண்டுமாம். மாட்டேன் என்றால்? மாட்டேன் என்றால் நெய்யாற்றின்கரையில் டியூஷன் சென்டர் காத்திருக்கிறது, பன்னிரண்டு மணிக்கு இன்டர்வியூ, தவளையின் இதயம் துடிப்பதைப் பாடத்துக்கு வரைந்து கொடுக்க ஆள் வேண்டுமாம், காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை, அதற்கப்புறம் ஏது படம், ஏது டைரக்டர், முப்பத்தொன்பது வயசில் தவளையோடு சங்காத்தம். நன்றாக இருக்கும்.

அப்படி என்னதான் புரியவில்லை அவர்களுக்கு? ஒரு எல்லைக் கல் எழுந்து நடந்து போகிறது, மரச்சீனிக் கிழங்குச் சுமையோடு ஒருத்தி அதைத் துரத்துகிறாள், 'நில்லுலே, ஒன்னையாக்கும்' என்கிறாள், அவ்வளவுதானே, இதில் அகராதி பார்க்க என்ன இருக்கிறது... 'ஒன்னையாக்கும்' என்று முடிந்தால் உதடு மூட வேண்டும், ம் வந்தால் மூடித்தான் ஆக வேண்டும், 'உன்னைத்தான்' என்று மாற்றினால் வாய் திறந்தே நிற்கும், அப்போது அவள் வரைந்த வாய் ஒன்று சொல்ல, கேட்கிற சத்தம் வேறொன்று சொல்லும். படத்தில் முப்பத்தொரு 'ஆக்கும்' இருக்கிறது. அத்தனைக்கும் அம்மையைப் போன் கேமராவுக்கு முன்னால் உட்கார்த்திச் சொல்லச் சொல்லி, உதடு எந்த இடத்தில் ஒட்டுகிறது, எந்த இடத்தில் பிரிகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள், குரலும் அம்மையுடையதுதான். 'இன்னும் ஒருக்கா சொல்லும்மா.' 'எத்தன மட்டம் சொல்லணும் பிள்ள, வாய் வலிக்கி.' அதே அம்மை விலாசினிதான் இன்று காலை பால் சொசைட்டி முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, எனக்க சத்தம் டிவியில வருமா மக்கா என்று கேட்டாள், வரும்மா என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள் ரெஜிலா, பாவி, வேறு என்ன சொல்வது.

இருபத்திரண்டு வயசில் சென்னை ஸ்டுடியோவில் முதல் நாள் 'நானாக்கும் ரெஜிலா' என்று சொல்லி ஹால் முழுக்கச் சிரித்தார்களே, அன்றைக்கே மூட்டையைக் கட்டியிருக்க வேண்டும், கட்டவில்லை, எட்டு வருஷம் எவனோ எழுதிய கதையில் ஒரு நாயின் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடந்தாள், நாய் முகத்தைக்கூட வரையக் கொடுக்கவில்லை. அப்புறம் கேரள எல்லைக்குள் இருக்கும் ஊருக்கே வந்து, சொந்தமாகப் படம், முதல் படத்தைத் திருவனந்தபுரத்து விழாவுக்கு அனுப்பினால் இது தமிழ் என்றார்கள், தமிழ்நாட்டு விழாவுக்கு அனுப்பினால் நீங்கள் கேரளம் என்றார்கள், இரண்டும் மரியாதையான கடிதம்தான், என்ன செய்ய, வயிறு எரிகிறது, வயசும் போகிறது. இந்தப் படமும் அலமாரிக்குள் போனால் இனி ஒன்று வரைய அவளுக்குத் தெம்பு இல்லை, அது அவளுக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

தனுவச்சபுரத்தில் ஏறிய ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே ஒரு காகிதக் கட்டை அவள் மடியில் வைத்தாள். "இதக் கொஞ்சம் பிடி மக்கா, கோர்ட்டுக்காக்கும்." என்ன கேசு அக்கா என்றாள் ரெஜிலா. "ஒரு மதிலு. பதினாறு வருசமா நடக்குது. தோத்தாலும் கொள்ளாம், தீந்தா மதி." ரெஜிலாவுக்குச் சிரிப்பு வந்தது, தோற்றாலும் பரவாயில்லை, தீர்ந்தால் போதுமாம், இவள் வாயை வரைய வேண்டும், என்ன உதடு, 'மதி' என்னும்போது எப்படி ஒட்டிப் பிரிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அமரவிளைப் பாலம் வந்துவிட்டது, போன் அடித்தது. ஒக்காது மேடம், ஒக்காது மேடம்...

"ஹலோ, சொல்லுங்க மேடம்... ஆமாங்க, யோசிச்சேங்க... இல்லல்ல, அதெல்லாம் பிரச்சனையே இல்லைங்க, உதட்ட மட்டும் கொஞ்சம் திருத்தி வரைஞ்சுட்டா போதும்... குரலா? மாத்திடலாங்க, அது சும்மா வீட்டுல ஒருத்தங்க பேசினதுதாங்க... ரொம்ப தேங்க்ஸ்ங்க மேடம்."

வைத்துவிட்டாள். யார் பேசியது? ஒரு சொல் தடுமாறவில்லை, ஒரு இடத்தில் நாக்கு புரளவில்லை, வீட்டுல ஒருத்தங்க, சொன்னது இந்த வாய்தான், அம்மையை ஒருத்தங்க என்றது. திரும்பக் கூப்பிட்டு இல்லை என்று சொல்லலாமா, சொல்லலாம், இப்போதே சொல்லலாம், விரல் போனின் மேலேயே நின்றது, கூப்பிடவில்லை.

பக்கத்துப் பெண் சற்று ஒதுங்கி உட்கார்ந்து, அவள் மடியிலிருந்த கட்டை மெல்ல எடுத்துக்கொண்டாள். "தாருங்க மேடம், நான் வச்சுக்கிடுதேன். மேடத்துக்கு எந்த ஊராக்கும்?"

"வெள்ளறடைங்க," என்றாள் ரெஜிலா. சொன்ன பிறகுதான் அந்த 'ங்க' அவள் காதில் விழுந்தது.

"ஓ. அங்கயா மேடத்துக்கு சோலி?"

வேலைக்கு வந்தவள் இல்லை, பிறந்ததே அங்கேதான், அம்மை அங்கேதான் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும், ஆனால் அதை இனி எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல், ரெஜிலா ஆமாம் என்று தலையாட்டினாள்.