மூன்றாம் புத்தகத்துக் கொக்குகள்

1938ஆம் வருடம் நவம்பர் மாதம் 12ஆம் தேதி, சனிக்கிழமை. காலையில் பெய்த தூறல் நின்றுவிட்டது; ஆயினும் வானம் மூடிக்கிடந்தது; காற்று இல்லை.

பூவிருந்தவல்லியில், உஸ்மான் கனி சாகிபுவின் அரிசி மண்டிக்கு மேலுள்ள அறையில் எங்கள் மாதர் வகுப்பு நடைபெற்று வந்தது. நான் அங்கேதான் முப்பத்தாறாம் வயதில் எழுத்தறிந்தேன். இரண்டாம் புத்தகத்தைப் பிழையறப் படித்து முடித்தேன். மூன்றாம் புத்தகம் எப்போது வரும் என்று நான் கேளாத வாரமில்லை. மயிலாப்பூரிலிருந்து மோட்டாரில் வந்து எங்களுக்குக் கற்பிக்கும் தாட்சாயிணி அம்மாள், “வரும், வரும்” என்பார்.

அன்று வந்தது. அட்டை கழன்ற பழைய பிரதி ஒன்று அவருடைய கூடையில் இருந்தது. அதனருகில் ஒரு கத்தரிக்கோலும் இருந்தது.

“இன்னிக்குப் பாடம் கிடையாது,” என்றார் அம்மையார். “நாலு மணிக்கு மாதர் சங்கத் தலைவி வரா. என்ன கத்துண்டேள்னு கேப்பா. காகிதத்துல கொக்கு பண்ணிக் காட்டப்போறோம். ஜப்பான் தேசத்துக் கலையாக்கும்! இனிமே எல்லாச் சனிக்கிழமையும் இதுதான்.”

“அப்போ மூணாம் பொஸ்தகம்?” என்றேன்.

“பொம்மனாட்டிகளுக்கு ரெண்டாம் புஸ்தகமே யதேஷ்டம், வடிவு. கடிதாசு படிக்கத் தெரிஞ்சாச்சோல்லியோ?”

இவ்வாறு கூறிக்கொண்டே மூன்றாம் புத்தகத்தின் தாள்களைக் கிழித்தார். கொக்குக்குச் சதுரத் தாள் வேண்டுமாம். புத்தகத் தாளோ நீண்டது. ஆகவே ஒவ்வொரு தாளின் அடியையும் நறுக்கித் தரையில் எறிந்தார். அங்கிருந்த வரிகளும் உடன் போயின. காகிதத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நாங்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தமக்கு மட்டும் அவர் நீலத் தாள் ஒன்று கொண்டுவந்திருந்தார்.

இக்கலையின் இலக்கணத்தை இங்கே கூறுவேன். சதுரத்தை முக்கோணமாக்க வேண்டும். முக்கோணத்தை மீண்டும் சதுரமாக்க வேண்டும். பெரியதாயிருந்ததைச் சிறியதாக்கி, நேராயிருந்ததைக் கோணலாக்கி, முடிவில் பறவாத பறவை ஒன்றைப் பெற வேண்டும். மூன்று வயதுக் குழந்தை ஈரமண்ணில் இதனினும் பயனுள்ளதைச் செய்யும். என் தாளின் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கழுத்தென்று நான் இழுத்தது வால் என்று அம்மையார் திருத்தினார். இரண்டுக்கும் வேற்றுமை தெரியாத பிராணியைச் செய்து யாருக்கு என்ன லாபம்?

எனக்கு அருகில் ஷரீஃபுன்னிசா தன்னுடையதைத் தூக்கிக் காட்டினாள். “அக்கா, இது கொக்கா? கயுத்து முறிச்ச கோயி மாரி கீது.”

“கொயம்புல போட்டாகூட வேகாதுடி,” என்றாள் எல்லம்மா. “இத்தப் போயி வித்தைன்னுகினு மோட்டார்ல வந்துகீறாங்க பாரு.” ஆனால் அவளுடைய கொக்கு மட்டும் தரையில் நேராக நின்றது.

எனக்குக் கிடைத்தது எரிமலையைப் பற்றிய பாடத்தின் முதல் தாள். இறக்கைக்காக மடிக்கும்போது சில வரிகள் கண்ணில் பட்டன: “அம்மலையின் வாயினின்று புகை கிளம்பிற்று. அடிவாரத்து மக்கள் அதற்கு அஞ்சாமல் உழுதுகொண்டிருந்தனர். அன்றிரவு” என்பதோடு தாள் முடிந்தது. அன்றிரவு என்ன நேர்ந்தது? அது நறுக்கி எறிந்த துண்டில் இருந்தது. அம்மையார் திரும்பிய சமயம் பார்த்து, தரையில் கிடந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

நான்கு மணிக்குத் தலைவி வந்தார். எல்லம்மாவின் கொக்கைக் கண்டு, “பேஷ்! பேஷ்!” என்று தம் கைப்பையில் போட்டுக்கொண்டார். பின்பு என் பக்கம் திரும்பினார்.

“நீ என்னம்மா கத்துண்டே?”

நான் எழுந்து நின்றேன். என் கொக்கைப் பிரித்தேன். அதனைச் செய்வதற்கு ஆன உழைப்பில் நூறில் ஒரு பங்கும் பிரிப்பதற்கு ஆகவில்லை. தாளைத் தொடையில் வைத்து நீவி, அதற்குரிய துண்டைக் கண்டுபிடித்து அடியில் பொருத்தி, உரத்த குரலில் படித்தேன். “அன்றிரவு மலை பிளந்தது” என்று நான் படித்தபோது அறையில் யாரும் மூச்சு விடவில்லை. தலைவி கொட்டாவி விட்டார்.

“இது பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் படிக்கறதுதானே? கொக்கு நன்னா இருந்தது. வேற யாரும் பண்ணலையா?” என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தவர் இறங்கி மோட்டாரில் ஏறிக்கொண்டார்.

தாட்சாயிணி அம்மாளின் முகம் சிவந்தது. “என் மானத்தை வாங்கிட்டே, வடிவு. இனிமே இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன். நீங்களே வகுப்பு நடத்திக்கோங்கோ!”

“பொஸ்தகத்த உட்டுட்டுப் போம்மா,” என்றாள் ஷரீஃபுன்னிசா.

“அந்தக் குப்பை எனக்கெதுக்கு?” என்று அவர் கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நீலக் கொக்கு மேசைமேலேயே கிடந்தது. அதில் ஓர் எழுத்தும் இல்லாமையால் அதை யாரும் தொடவில்லை.

“அக்கா, மலை பொளந்திச்சே, அப்பால இன்னா ஆச்சு?” என்று ஷரீஃபுன்னிசா தன் கழுத்து முறிந்த கோழியை விரித்து நீட்டினாள். இரண்டாம் தாள் அதுதான். நெருப்பு ஆறாக ஓடியதும், மக்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து கடற்கரைக்கு ஓடியதும், அங்கே ஓடம் ஒன்றும் இல்லாததும் அதில் இருந்தன. அத்துடன் அத்தாள் முடிந்தது.

மூன்றாம் தாளைத் தேடினோம். எல்லம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். “அய்ய! அது என் கொக்குக்கா. நாந்தான் நல்லா மடிச்சிக் கெடுத்துகினேன்!”

அத்தாளின் அடித்துண்டு மாத்திரம் என் முந்தானையில் இருந்தது. பாடத்தின் கடைசி வரி அது. படித்தேன்: “எஞ்சியோர் அம்மலையின் அடியிலேயே மீண்டும் வீடு கட்டிக்கொண்டனர்.”

அவர்கள் எவ்வாறு தப்பினர் என்பது தலைவியின் கைப்பையில் இருக்கிறது. அவர் அதை ஒருபோதும் பிரித்துப் பார்க்கமாட்டார். அந்தக் கடைசித் துண்டைச் சோற்றுப்பசையால் இரண்டாம் தாளின் கீழ் ஒட்டினேன். அடுத்த பாடம் கடல் சிப்பியைப் பற்றியது. அதை வரும் சனிக்கிழமை நானே படித்துக் காட்டுவதென்று முடிவாயிற்று. சாகிபுவின் சுவர்க்கடிகாரத்தில் அப்போது மணி ஐந்து முப்பத்தைந்து.