ஹாலிஸ் முழு விலை கொடுத்த நாள்

ஹாலிஸ் பெல்லோஸ் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பனிச்சறுக்கு மலைக் கவுண்டரில் எழுதிப் போட்டிருக்கும் விலைக்கு லிஃப்ட் டிக்கெட் வாங்கியதில்லை. வெர்மான்ட் மாநிலத்தில் மேப்பிள் பாகுக்கு அடுத்தபடியாகப் பேர் பெற்ற விஷயம் இதுதான் என்று அவர் மனதார நம்பினார். கம்பியில் தொங்கும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மலையேற நூற்றெண்பத்தேழு டாலர் கேட்பது பகல் கொள்ளை. அதைக் கொடுக்கிறவன் ஒன்று பாஸ்டனிலிருந்து வந்தவனாக இருப்பான், இல்லை தலையில் அடிபட்டவனாக இருப்பான்.

ரத்தம் கொடுத்தால் பாதி விலை என்று ஒரு மலையில் அறிவித்த வருஷம், நர்ஸ் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பும்வரை அவர் வரிசையில் திரும்பத் திரும்பப் போய் நின்றார். பெண்களுக்கு இலவசம் என்று இன்னொரு மலையில் போட்டபோது அண்ணியின் பாவாடையைக் கட்டிக்கொண்டு போனார்; மூன்றாவது சுற்றில்தான் மீசையில் பனி உறைந்து காட்டிக்கொடுத்தது. பழைய டிக்கெட் ஒன்றைக்கூட அவர் கழற்றி எறிந்ததில்லை. எல்லாம் கோட்டின் ஜிப்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். காற்றடித்தால் அந்தக் கோட்டு எழுப்பும் சடசடப்பில் மூன்று மைலுக்கு அப்பால் மான்கள் ஓடும்.

ஊர்ச் சாலைகளில் பனி வழிக்கும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவர். மதியச் சாப்பாட்டுக்கும் காசு செலவழிக்க மாட்டார். மலையடிவாரக் கேன்டீனில் சுடுதண்ணீர் சும்மா கிடைக்கும், கெச்சப் பொட்டலமும் சும்மா கிடைக்கும். ஆறு கெச்சப்பைப் பிழிந்து, மிளகுத்தூள் தூவி, உப்பு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டால் தக்காளி சூப். அந்த சூப்பிலேயே மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியதாகச் சொல்லிக்கொள்வார். பிள்ளைகள் மூவரும் இப்போது தக்காளி பக்கமே போவதில்லை.

இப்பேர்ப்பட்டவருக்குக் கடந்த நவம்பரில் எண்பது வயது பிறந்தது. மற்றவர்களுக்கு எண்பது என்றால் முழங்கால் வலி. ஹாலிஸுக்கு அது மோட்சம். அந்த வட்டாரத்திலேயே பெரிய மலையான ஹாரோவில் எண்பது ஆனவர்களுக்கு டிக்கெட் இலவசம். எழுபத்தொன்பது வரைக்கும் ஒரு காசு குறைக்க மாட்டார்கள். எண்பதாவது பிறந்தநாள் விடிந்தால் ஒரு காசு வாங்க மாட்டார்கள். நடுவில் இரண்டு முறை நிமோனியா வந்தபோதுகூட, இந்த ஒன்றை நினைத்துத்தான் அவர் பிழைத்து எழுந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெர்னா குஷ்மன் வந்து சேர்ந்தாள்.

காலமான தன் தங்கையின் வீட்டில் கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம் என்று மெய்ன் மாநிலத்திலிருந்து வந்தவள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை அவரைக்கொட்டை விருந்து நடந்தபோது ஹாலிஸுக்கு எதிரே உட்கார்ந்தாள். நிமிர்ந்த முதுகு, வெள்ளைப் பின்னல், சிரித்தால் மேஜையே ஆடும் சிரிப்பு. எழுபத்திரண்டுக்கு மேல் ஒரு நாள் சொல்ல முடியாது என்று ஹாலிஸ் கணக்குப் போட்டார்.

"இன்னுமா மலையேறிச் சறுக்கறீங்க? உங்களுக்கு என்ன வயசு?" என்றாள் வெர்னா.

வாயில் அவரைக்கொட்டை இருந்தது. அதை விழுங்குவதற்குள் வாய் தானாகவே ஒரு வேலை செய்துவிட்டது.

"எழுபத்து நாலு."

ஜனவரி கடைசியில், தபால் நிலையத்தில் கடிதம் எடுக்கப் போன இடத்தில், வெர்னா அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: "ஏப்ரல்ல வீட்டைக் காலி பண்ணிட்டு மெய்னுக்கே திரும்பிடலாமான்னு யோசிக்கறேன் ஹாலிஸ். இங்க இருக்கறதுக்கு ஒரு காரணம் கிடைச்சா இருப்பேன். அதுக்கு முன்னாடி ஒரு நாள் உங்களோட சறுக்கணும். ஹாரோவுக்குப் போலாமா? அதோட உச்சியில நின்னா ஏரி தெரியுமாமே."

ஹாலிஸ் சரி என்று தலையாட்டினார். காருக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. அந்தக் காரணமாக இருக்கத்தான் அவருக்கு ஆசை. ஆனால் போகச் சொல்கிற இடம் ஹாரோ. இலவச டிக்கெட் கேட்டால் எண்பது வெளியே வந்துவிடும்; எழுபத்து நாலாகவே இருந்தால் நூற்றெண்பத்தேழு டாலர்.

மறுநாள் காலை காபிக் கடையில் சிநேகிதன் எல்வினிடம் விஷயத்தை வைத்தார். எல்வினுக்கு எண்பத்தொன்று. ஒரு வருஷமாக ஹாரோவில் இலவசமாகச் சறுக்கிக்கொண்டு, அதைத் தினம் ஒருமுறை ஹாலிஸிடம் சொல்லிக்கொண்டும் இருந்தான்.

"ஹாரோவை விடுடா. ஷெல்டன் கணவாய்க்குக் கூட்டிட்டுப் போ. எழுபது தாண்டினா நாப்பத்தொன்பது டாலர்தான்" என்றான் எல்வின்.

"ஷெல்டன்ல பனியாடா இருக்கு? பாட்டில் கண்ணாடி! போன தடவை விழுந்தப்போ மலை உச்சியில ஆரம்பிச்சு கார் நிறுத்தற இடத்துல வந்து நின்னேன்."

"அப்போ மட் ப்ரூக். புதன்கிழமை நாலு டின் சாப்பாட்டுச் சாமான் தானம் குடுத்தா பாதி விலை."

"பொம்பளைய முதல் தடவை வெளிய கூட்டிட்டுப் போறேன். கையில அவரைக்கொட்டை டின்னைக் குடுத்து வரிசையில நிக்க வைக்கவா?"

"அவரைக்கொட்டை விருந்துலதானே அவளைப் பாத்தே? பொருத்தமாத்தான் இருக்கும்."

"வாயை மூடு."

"டிக்கின் மேடு இருக்கே? இருபதே டாலர். கயித்தைப் பிடிச்சு ஏறணும், அவ்ளோதான்."

"அதோட உச்சியில நின்னா எங்க வீட்டுப் புகைபோக்கிதான் தெரியும். அவளுக்கு ஏரி வேணுமாம்."

பெட்ரோலைக் கூட்டிப் பார்த்தார்கள், ஹாட் சாக்லேட்டைக் கழித்துப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் சுற்றினாலும் கணக்கு ஹாரோவில் வந்து நின்றது. கடைசியில் ஹாலிஸ் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு பண்றேன். அவ பூட்ஸ் மாட்டற நேரத்துல நான் தனியாப் போய் லைசென்ஸைக் காட்டி இலவச டிக்கெட்டை வாங்கிடறேன். அவளுக்கு எப்படித் தெரியும்?"

எல்வின் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் மெல்லப் பரவிய சந்தோஷம் ஹாலிஸுக்குப் பிடிக்கவில்லை.

"உனக்கு யாரும் சொல்லலியா? எண்பது ஆனவங்களுக்குத் தங்கக் கலர் டிக்கெட். அது லிஃப்ட் வாசல்ல பதிவானதும் பெரிய மாட்டு மணியை எடுத்து அடிப்பாங்கடா! 'எண்பது! எண்பது!'ன்னு கத்துவாங்க. வரிசையில நிக்கறவன் பூராவும் கை தட்டுவான். எனக்கு அடிச்சப்போ கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

ஹாலிஸுக்கும் அப்போது கண்ணில் தண்ணீர் வந்தது. காரணம்தான் வேறு.

செவ்வாய்க்கிழமை ஹாரோவுக்குப் போனார்கள். நாற்பது மைலும் வெர்னா பாடிக்கொண்டே வந்தாள். ஹாலிஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மயானத்துக்கு வண்டி ஓட்டுகிறவர் மாதிரி ஓட்டினார்.

"அவங்கவங்க டிக்கெட்டை அவங்கவங்களே வாங்கிக்கணும், அதுதான் என் பழக்கம். நீங்க முதல்ல போங்க, எனக்கு இந்த பூட்ஸ் மாட்ட நேரமாகும்" என்றாள் வெர்னா.

கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகமாக, "ஏதாவது தள்ளுபடி உண்டா சார்?" என்று கேட்டாள்.

எண்பது வருஷ வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு ஹாலிஸிடம் எப்போதும் குறைந்தது ஏழு பதில்கள் இருந்திருக்கின்றன. சட்டைப் பைக்குள் ஓட்டுநர் உரிமம் நெருப்பாகச் சுட்டது.

"இல்லை. முழு விலை" என்றார். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே சார்?"

"சீக்கிரம் வாங்கிக்கம்மா. மனசு மாறிடும்."

நோட்டுகளை அவர் பிடித்திருந்த பிடியில், அந்தப் பெண் மறுமுனையைப் பிடித்து இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது.

லிஃப்ட் வாசலில் தாடிக்காரன் ஒருவன் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியோடு நின்றான். ஹாலிஸின் டிக்கெட் கொத்தில் இன்றைய டிக்கெட்டைத் தேடிக் கண்டுபிடிக்கவே அவனுக்கு மூச்சு வாங்கியது. கருவி 'பீப்' என்றது. அவ்வளவுதான். நூற்றெண்பத்தேழு டாலருக்கு ஒரு பீப்.

அடுத்து வெர்னா. கோட்டின் மடிப்பைத் தூக்கிக் காட்டினாள். கருவி மூன்று முறை கூவியது. தாடிக்காரன் கருவியை வீசிவிட்டுக் குனிந்தான். பூசணிக்காய் அளவுக்கு ஒரு மாட்டு மணியோடு நிமிர்ந்தான்.

"எண்பது! எண்பது!"

மலையே அதிர்ந்தது. எதிர் மலையில் பனி சரிந்திருந்தால் ஆச்சரியமில்லை. வரிசையில் இருந்த அத்தனை பேரும் கையுறையோடு கை தட்டினார்கள். வெர்னாவின் கழுத்து பீட்ரூட் நிறத்துக்குப் போனது. ஹாலிஸ் வாயைத் திறந்தபடியே நிற்க, பின்னாலிருந்து வந்த நாற்காலி இருவர் முழங்காலிலும் இடித்து, அள்ளிப் போட்டுக்கொண்டு மேலே கிளம்பியது.

இரண்டு கம்பம் தாண்டியதும் வெர்னா அவர் பக்கம் திரும்பினாள்.

"எண்பத்திரண்டு. மணி அடிப்பாங்கன்னு ஃபோன்ல ஒருத்தரும் சொல்லல" என்றாள் வெர்னா.

"நல்ல மணி" என்றார் ஹாலிஸ்.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க எழுபத்து நாலுன்னீங்களா, எனக்கு வாயடைச்சுப் போச்சு. எட்டு வருஷம் சின்னவர். நான் கீழ விழுந்தா தூக்கி விடறதுக்கு ஒரு சின்னப் பையனைக் கட்டி இழுக்கறது நியாயமில்ல ஹாலிஸ். அதான் மெய்னுக்கே போயிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். போறதுக்கு முன்னாடி இன்னிக்கு ஒரு நாள் நல்லபடியா சறுக்கிடலாம்னுதான் வந்தேன்."

இதற்குமேல் உலகத்தில் ஒருவனுக்கு நல்ல செய்தி வர முடியாது. ஹாலிஸ் நாற்காலியில் துள்ளியதில் கம்பி முழுக்க ஆடியது. முன்னால் போன நாற்காலியிலிருந்து யாரோ திட்டினார்கள்.

"வெர்னா! நான் பொய் சொன்னேன். எனக்கு எண்பது! நவம்பர்ல ஆச்சு!"

வெர்னா அவரைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது.

"நல்ல மனசு உங்களுக்கு. என்னைச் சமாதானப்படுத்த ஆறு வருஷம் கூட்டிச் சொல்றீங்க."

"இல்ல, நெசமாவே எண்பது!"

"எண்பது ஆனவர், அதுவும் நீங்க, இலவச டிக்கெட்டை விட்டுட்டு நூத்தெண்பத்தேழு டாலர் எண்ணிக் குடுப்பீங்களா? இந்தக் கதையை ஊர்ல யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. பாதிரியார்கூட நம்ப மாட்டார்."

ஹாலிஸ் திகைத்துப் போனார். அறுபது வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பெயர் அது. இன்றைக்குப் பார்த்து அவர் கழுத்தையே பிடித்துவிட்டது. லிஃப்ட் பாதி மலையைத் தாண்டிவிட்டது. மேலே போய் இறங்கிவிட்டால் வெர்னா ஏரியைப் பார்ப்பாள், கீழே சறுக்குவாள், மெய்னுக்குப் போய்விடுவாள்.

கையுறையைப் பல்லால் கடித்து உருவினார். அது நழுவிக் கீழே பைன் மரக் கிளையில் போய் உட்கார்ந்தது. கோட்டைத் திறந்தார். உள்ளே இன்னொரு கோட்டு. அதற்குள் கம்பளிச் சட்டை, அதற்குள் ஃபிளானல், அதற்குள் காலமான அண்ணனின் ஸ்வெட்டர். காற்று ஒவ்வொன்றிலும் புகுந்து விசாரித்துவிட்டுப் போனது. கொத்து டிக்கெட்டுகள் அவர் முகத்தில் மாறி மாறி அறைந்தன.

"என்ன பண்றீங்க? உறைஞ்சு செத்துப் போவீங்க!"

"சாகறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க!"

நீலம் பாரித்த விரல்களால் உரிமத்தை நீட்டினார். வெர்னா பனிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உரிமத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். பிறந்த வருஷத்தைப் படித்தாள். பிறகு ஹாலிஸைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த அவரைக்கொட்டை விருந்துச் சிரிப்பு. அந்த உயரத்தில் மேஜை இல்லாததால் லிஃப்ட் ஆடியது.

"நூத்தெண்பத்தேழு டாலர்!" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எனக்காகவா?"

"சொல்லிக் காட்டாதீங்க. வலிக்குது."

"என் புருஷன் நல்ல மனுஷர் ஹாலிஸ். ஆனா முப்பத்தொன்பது வருஷத்துல எனக்காக இவ்ளோ முட்டாள்தனமா ஒண்ணுகூடச் செஞ்சதில்ல."

தன் கையுறையில் ஒன்றைக் கழற்றி அவர் கையில் தானே மாட்டிவிட்டாள். அது அவருக்குப் பாதி விரல்வரைதான் ஏறியது. உச்சி வந்தது. ஏரியை மேகம் மறைத்திருந்தது. இருவரும் அதைக் கவனிக்கவேயில்லை.

கீழே வந்ததும் வெர்னா அவரை நேராகக் கவுண்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒருமுறை பதிவான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பத் தர முடியாது என்று அந்தப் பெண் வருத்தத்தோடு சொன்னாள். "தங்க டிக்கெட் வேணும்னா இன்னொரு நாள் வாங்க சார்."

வெர்னா விடவில்லை. லிஃப்ட் வாசலில் தாடிக்காரனிடம் உரிமத்தை எடுத்து நீட்டினாள். "டிக்கெட்டுக்கு முழுக் காசு வாங்கிட்டீங்க. மணியையாவது அடிங்க."

தாடிக்காரன் இரண்டு கையாலும் அடித்தான். ஹாலிஸ் அழுதார். காற்றினால் என்று சொன்னார்.

மதியம் கேன்டீனில் ஹாலிஸ் பணப்பையை வெளியே எடுத்தார். கெட்டது கெட்டுவிட்டது, இன்னும் இருபது டாலர் போனால் போகட்டும் என்ற நிலைக்கு வந்திருந்தார். வெர்னா அவர் கையைத் தட்டிவிட்டாள். இரண்டு கோப்பையில் சுடுதண்ணீர் பிடித்து வந்தாள். கோட்டுப் பையிலிருந்து எட்டு கெச்சப் பொட்டலத்தை எடுத்துப் பிழிந்தாள். இன்னொரு பையிலிருந்து மிளகுத்தூள் வந்தது. அது சர்ச் விருந்து மேஜையிலிருந்து கிளம்பி வந்தது போல் இருந்தது.

ஹாலிஸ் கோப்பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏரியைப் பாக்கவா ஹாரோ வேணும்னு சொன்னேன்னு நெனச்சீங்க?" என்றாள் வெர்னா. "இலையுதிர் காலத்துலயே பதினோரு மலைக்கு ஃபோன் போட்டு விசாரிச்சாச்சு. நம்ம வயசுக்கு ஒரு காசு வாங்காத மலை இது ஒண்ணுதான். என் தங்கச்சி வீட்டுல வந்து இருந்து பாக்கலாம்னு தோணினதே அதுக்கப்புறம்தான்."

"அப்போ ஏப்ரல்ல மெய்ன்?"

வெர்னா உப்பு பிஸ்கட்டை நொறுக்கி அவர் கோப்பையில் போட்டாள்.

"மே வரைக்கும் இங்க பனி இருக்குமாமே. பாதியில விட்டுட்டுப் போறது நஷ்டமில்லையா?" ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா ஒரு நிபந்தனை. அந்த முழு விலை டிக்கெட்டை நீ கோட்டிலேர்ந்து கழட்டவே கூடாது. உன் சிநேகிதன் எல்வின் பாக்கணும்" என்றாள்.

அவள் 'நீ' என்றதை ஹாலிஸ் கவனித்தார். சூப்பை ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, கொத்தைப் புரட்டி, நூற்றெண்பத்தேழு என்று அச்சடித்திருந்த பக்கம் எல்லோருக்கும் தெரியும்படி அந்த டிக்கெட்டை வெளியே இழுத்து விட்டுக்கொண்டார்.