பட்டம் காத்திருந்தது

ஏழாவது கெல்டன் பிரபுவை அக்டோபர் தொடக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பிள்ளை இல்லை. தம்பி லயனல்தான் எட்டாவது பிரபுவாக வேண்டும். ஆனால் உடனே ஆகிவிட முடியாது. விதவையின் வயிற்றில் ஆண் குழந்தை இருந்துவிட்டால்? நாற்பத்தொரு வயது ஹெஸ்டர் இல்லை என்று சொல்லும்வரை பட்டம் அந்தரத்தில் தொங்கும். எந்தக் காலத்திலோ ஒரு ராஜாவுக்குக் குதிரை கொடுத்து வாங்கிய பட்டம். அதற்கு இத்தனை ஜம்பம்!

வக்கீல் இருமிக்கொண்டே கேட்டார். "அம்மா, விசேஷம் ஏதாவது உண்டுங்களா?"

"சொல்றதுக்கு இன்னும் நாளாகலை," என்றாள் ஹெஸ்டர். அன்றைக்கு அது உண்மை.

மாதக் கடைசியில் தெரிந்துவிட்டது. கறைபட்ட துணியைத் தானே அலசி, படுக்கையறைக் கணப்பில் உலர்த்தினாள். பிறந்ததிலிருந்து ஒரு கைக்குட்டைகூடத் துவைத்தறியாதவள். சொல்லிவிடலாம் என்றுதான் கீழே இறங்கினாள். சமையல்காரி தாப்ளி சுடச்சுடப் பாலோடு நின்றாள்.

"குடிங்கம்மா. ரெண்டு உசிரா இருந்தா?"

பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டில் அவளைச் சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. புருஷனுக்கு வேட்டை நாய்களே போதும். வாய்வரை வந்த வார்த்தையைப் பாலோடு சேர்த்து விழுங்கினாள்.

லயனல் தினமும் பத்து மைல் குதிரையில் வந்தான். "மாடிப்படி மெதுவா இறங்குங்க, அண்ணி." "ஜன்னல்கிட்ட வேண்டாம், காத்து அடிக்குது." தன் பட்டத்தைப் பறிக்கப்போகிற குழந்தைக்காக அவனே தலையணை கொண்டுவந்து வைத்தான். நல்ல மனுஷன். அதுதான் அவளை அறுத்தது.

ஜனவரியில் ஒரு தொட்டிலோடு வந்தான். அவன் பிள்ளைகள் கிடந்த தொட்டில். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"நீதான் பிரபு, லயனல். வயித்துல ஒண்ணுமில்லை."

"எப்போ தெரியும்?"

"அக்டோபர்லயே."

"அப்புறம் ஏன் அண்ணி?"

"நீ தினம் வந்து எப்படி இருக்கேன்னு கேட்டியே."

அவன் கோபப்படவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். "அவசரமில்லை. கோடை வரைக்கும் இங்கேயே இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாளும் வந்தான். வக்கீலோடு நேரே நூலகத்துக்குள் போனான். வாசலில் வேலையாள் "வாங்க பிரபு" என்றது மாடிவரை கேட்டது.

பதினோரு மணி, தினமும் தாப்ளி பால் கொண்டுவரும் நேரம். ஹெஸ்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் வரவில்லை. பன்னிரண்டு அடித்ததும் எழுந்து மாடிப்படி இறங்கினாள், வேண்டுமென்றே வேகமாக. நூலகக் கதவு திறந்துதான் இருந்தது. லயனல் நிமிர்ந்து பார்த்தான், புன்னகைத்தான், திரும்பவும் காகிதத்தில் குனிந்துகொண்டான்.