ஜிலிபி நாளைக் காலை தண்டவாளத்தைக் கடக்கப்போகிறது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பயத்திலிருந்து வந்தது. கொல்கத்தாவில் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். பயந்துகொண்டே எழுதுவது இதுதான் முதல் தடவை.

முதல் தொடக்கம்: "சுரமா பௌதி நாயின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்."

(பௌதி என்றால் அண்ணி. எங்கள் தெருவுக்கே அவள் அண்ணி.)

இந்த வரியை அடித்துவிட்டேன். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. நாய் பாய்ந்தால் ஆளும் கூடவே போக வேண்டியதுதான்.

இரண்டாவது தொடக்கம்: "டிராம் தண்டவாளத்தில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட பிரணவேஷ் பாபு, படுக்கையிலிருந்து—"

இது பரவாயில்லை. ஆனால் விழுந்தார் என்று எழுதினால், யாரால் விழுந்தார் என்றும் எழுத வேண்டும். அது கொஞ்சம் பொறுக்கட்டும்.

2

நடந்தது இவ்வளவுதான். ஜிலிபி அவர்கள் வளர்க்கும் முப்பது கிலோ லாப்ரடார். இரண்டு மாதம் முன்பு ஒரு காலையில் சுரமாவின் கணவர் பிரணவேஷ் பாபுவை இழுத்துக்கொண்டு சாலையின் குறுக்கே பாய்ந்தது. அவர் தண்டவாளத்தில் குப்புற விழுந்தார். ஓட்டுநர் மணியை அடித்துக்கொண்டே டிராமை நிறுத்தியபோது இடையில் மூன்று முழம்கூட இல்லை.

நாயைப் பாராசாத்தில் ஒரு பண்ணைக்கு அனுப்பிவிடலாம் என்றார் சுரமாவின் தம்பி. பிள்ளை இல்லாத வீடு அது. அவள் அழுது, கெஞ்சி, தவணை வாங்கினாள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜிலிபி இழுக்காமல் தண்டவாளத்தைத் தாண்டிப் பூங்காவுக்குப் போய்வர வேண்டும். இல்லையென்றால் பாராசாத்.

அன்றிலிருந்து தெருவுக்குள்ளேயே பயிற்சி. நாய் இழுத்தால் நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்தால் நடக்க வேண்டும். முதல் நாள் அறுபது அடித் தெருவைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆனது.

"என்ன பௌதி, நீங்க நாயை நடக்கவைக்கிறீங்களா, நாய் உங்களை நிக்கவைக்குதா?" என்றார் இஸ்திரி போடும் பலராம்.

"நீ முதல்ல உன் வாயை நிறுத்தப் பழகு. உனக்கும் ஒரு கயிறு வாங்கித் தரேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் படுக்கையிலிருந்து கேள்வி வரும்: "இன்னிக்கு இழுத்தாளா?"

"ரெண்டே ரெண்டு தடவைதான்."

"எனக்கு ஒரு தடவையே போதுமா இருந்துச்சே!"

(இந்த இடத்தில் நான் சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது.)

3

அடுத்து ஹராதன் என்றொரு ஆளை எழுதினேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பூங்கா வாசலிலுள்ள டீக்கடையில் தினமும் காலை ஆறு மணிக்கு நிற்பவன். இந்த ஊரில் மண்குவளையில் டீ குடிப்பவன் எவனும் லேரோ பிஸ்கட்டை முழுசாகத் தின்பதில்லை. பாதி தனக்கு, பாதி காலடியில் நிற்கும் நாய்க்கு. ஹராதன் எதிர்ச்சாரியில் வரும் ஜிலிபிக்குத் தன் பாதியைத் தூக்கிக் காட்டுவான். அது கிழவரை இழுத்துக்கொண்டு ஓடிவரும். வந்ததும் கொடுப்பான். எவ்வளவு இழுத்ததோ அவ்வளவு சீக்கிரம் பிஸ்கட். ஒன்றரை வருடம் இப்படி. புண்ணியம் என்றுதான் நினைத்தான்.

அவனுக்கு மீசை வைத்தேன், எடுத்தேன். மனைவியை இழந்தவனாக்கினேன். எதைச் செய்தும் அவன் நம்பும்படியாக இல்லை. ஏனென்றால்

ஹராதன் என்று யாரும் இல்லை. பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டியது நான். அவர் விழுந்த அன்றும் நான்தான். ஆட்கள் ஓடிவந்து அவரைத் தூக்கியபோது, கையிலிருந்த பாதியை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு நானும் ஓடிப்போய்த் தூக்கினேன்.

4

இன்று காலை தெருவில் ஜிலிபியோடு வந்த சுரமா பௌதி என்னைப் பார்த்து நின்றாள். என்னைத் தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள்.

"தாதா, நாளைக்கு ஆறு மணிக்குத் தண்டவாளம் தாண்டப்போறோம். தெருவுல இப்ப இழுக்கறதே இல்ல, தங்கமா வரா. அங்க மட்டும் அன்னிக்கு எதைப் பாத்து அப்படிப் பாஞ்சாளோ, அதுதான் புரியல."

"பூனை கீனை பாத்திருக்கும் பௌதி," என்றேன்.

ஜிலிபி என் சட்டைப் பையை முகர்ந்துகொண்டிருந்தது.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். நாளை நான் டீக்கடைக்குப் போகாவிட்டால், ஜிலிபி என்னைத் தேடி அங்கே பாயும். போனால், என்னைப் பார்த்துப் பாயும். மூன்றாவது முடிவு: "கயிறு தளர்ந்து தொங்க, இருவரும் நிதானமாக—" இதற்கு மேல் பேனா ஓடவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு அதுதான், அதனாலேயே அதை நம்பவில்லை.

நாலாவது: அவளிடம் போய்ச் சொல்வது. தப்பு நாயுடையதல்ல என்று தெரிந்தால் நாய் வீட்டிலேயே இருக்கும், அவளும் உயிரோடிருப்பாள். என்னைத்தான் அந்த வீட்டு வாசலில் சேர்க்கமாட்டார்கள்.

5

இப்போது மாலை நாலரை. அவள் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு. செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு மணி நேரமாக.

அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாத தமிழில் எழுதி உங்களிடம் நீட்டுகிறேன். இதைக் கதை என்கிறேன். கோழைத்தனம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

உங்களில் யாருக்காவது வங்காளம் தெரிந்தால், நாளைக் காலை ஆறு மணிக்குள் அந்தக் கதவைத் தட்டுங்கள். என் பெயரைச் சொல்லுங்கள், பிஸ்கட்டைச் சொல்லுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் ஒன்றை மட்டுமாவது சொல்லுங்கள். நான் அடித்துவிட்ட அந்த முதல் வாக்கியம் கற்பனை இல்லை. இன்று காலை அவள் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். நான் பார்த்தேன்.